நிறுத்துங்கள், இது கடைசிப் பக்கம்

அந்த வார இதழில் புத்தக மதிப்புரை எப்படித் தயாராகிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் புத்தகம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார்கள். முதலில் புத்தகம் வரும். முன்னுரை அதைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். கனமாக இருந்தால் "முக்கியமான வரவு." மெலிதாக இருந்தால் "கவனிக்கத்தக்க முயற்சி." அதோடு அவருடைய வாசிப்பு முடிந்தது. பிறகு புத்தகம் குறிப்பின் மேசைக்குப் போகும்.

முன்னுரை, குறிப்பு இரண்டும் ஆட்களின் பட்டப்பெயர்கள். முன்னுரை என்பவர் இதழின் மூத்த விமர்சகர். வெளியாகிற புத்தகங்களில் பாதிக்கு முன்னுரை எழுதியவர். மீதிப் பாதிக்கு எழுத மறுத்து, மறுத்த கடிதத்தைப் பின்னட்டையில் போட்டுக்கொள்ளப் பெருந்தன்மையோடு அனுமதித்தவர். முதுகுக்குப் பின்னால்தான் முன்னுரை. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் ஐயா.

குறிப்பு என்பவள் நம் கதையின் பெண். வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள். புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து, கதை என்ன, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சொதப்புகிறது என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அதில் ஐயா நடை சேர்ப்பார். நடை சேர்ப்பது என்றால் வேறொன்றுமில்லை. "கதை இழுக்கிறது" என்று அவள் எழுதியிருப்பாள். அதை அடித்துவிட்டு, "காலத்தின் மந்தகதியைப் படைப்பாளி தன்வயப்படுத்தியிருக்கிறார்" என்று எழுதுவார். அடியில் அவர் பெயரைப் போடுவார். பெயர் போடுவதில் மட்டும் அவருக்கு யார் உதவியும் தேவைப்பட்டதில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு மதிப்புரையின் அடியில் தன் பெயர். ஆசிரியரிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே பதிலைத்தான் சொல்வார். "வரும்மா, வரும். ஐயா தொடாத புத்தகம் ஒண்ணு வரட்டும். உன் பேர்லயே போட்டுடலாம்."

ஐயா தொடாத புத்தகம் இல்லை. படிக்காத புத்தகங்கள் நிறைய இருந்தன. ஆனால் தொட்டுவிடுவார்.

வீட்டில் இது தினப்படிச் சண்டை. அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இதழின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விரலை ஓட்டிப் பார்ப்பாள். வேன் ஓட்டுகிற அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"என்னடி, இந்த வாரமும் உன் பேரைக் கரப்பான் தின்னுடுச்சா?"

"வாயை மூடுடா."

"மூடுறேன். ஆனா ஆபீஸ்ல நீ நெஜமாவே வேலை பாக்குறியா, இல்ல ரெண்டு வருஷமா பக்கத்துத் தெருவுல எங்கயாவது போய் உக்காந்துட்டு வர்றியா? எனக்கு ஒரு ஆதாரம் வேணும்ல."

"அவ மூளைய வச்சு வேலை பாக்குறாடா," என்பாள் அம்மா.

"மூளை அவளோடது. பேரு அந்த ஆளோடது. நல்ல கம்பெனிம்மா அது."

அண்ணன் சொன்னதில் அவளால் திருத்த முடிகிற பிழை எதுவும் இருக்காது. கோபம் அதனால்தான் இன்னும் ஏறும்.

இப்படி இருக்கும்போதுதான் மங்கா வந்தது. ஜப்பானியப் படக்கதைத் தொடரின் முதல் பாகம், நம் மொழியில். 'தொலைந்த பொருட்கள் அறை' என்று பெயர். மங்கா என்றதும் மாங்காய் ஜோக் அடிக்காத ஆள் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை. அந்த ஜோக்கை இங்கே திருப்பிச் சொல்லி யாருக்கும் ஆகப்போவதும் இல்லை. அட்டையில் பொடி எழுத்தில் "வயது வந்த வாசகர்களுக்கு" என்று போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்து எப்படியோ மாடி முழுக்கப் பரவிவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் சும்மா இந்தப் பக்கம் போனதாக வந்தார். அவசரமாகப் புரட்டினார்கள். உள்ளே நடுத்தர வயது ஆள் ஒருவர் பக்கம் பக்கமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது," என்றார் விளம்பரக்காரர். ஏமாற்றத்தில் அவருக்குக் குரலே மாறிவிட்டது. "பெரியவங்களுக்குன்னு போட்டுட்டு இஸ்திரி போடுறான்?"

"பெரியவங்கதான் சார் இஸ்திரி போடணும். குழந்தைங்களா போடும்?" என்றாள் அவள்.

ஐயா வந்தார், தூக்கிப் பார்த்தார், கனமாகத்தான் இருந்தது. விரித்துப் பார்த்தார். படம். பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்துவிட்டவர்போல அதை மேசையில் வைத்துவிட்டார்.

"பொம்மைப் புத்தகம். குறிப்பே பாத்துக்கட்டும்."

ஆசிரியர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "அடிச்சுது பாரு யோகம். உன் பேர்லயே எழுது."

அந்தப் புத்தகம் அவளுக்குப் புதிதல்ல. அச்சுக்குப் போகுமுன் பதிப்பாளருக்காக அதற்குப் பிழை திருத்திக் கொடுத்தவள் அவள்தான். தான் பிழை திருத்திய புத்தகத்துக்குத் தானே மதிப்புரை எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்கவும் கேட்டாள். "ஐயா தான் முன்னுரை எழுதின புத்தகத்துக்கே மதிப்புரை எழுதுவாரும்மா. நீ வேற," என்று அவர் முடித்துவிட்டார்.

ஜப்பானியப் புத்தகத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. கட்டங்களும் வலமிருந்து இடமாக ஓடும். படங்களை அப்படி வரைந்துவிட்டதால் பதிப்பாளர் அப்படியே அச்சடித்தார். அதனால் நம் ஆள் பழக்கத்தில் திறக்கிற பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டியிருந்தது. "புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி நாலு வரி எழுதிக் குடுங்க," என்றார் பதிப்பாளர் அவளிடம்.

அன்றைக்கு முந்தின நாள்தான் மாதிரிப் பிரதியை அண்ணன் எடுத்துப் புரட்டியிருந்தான்.

"என்னடி இது? வீட்டை விட்டுப் போனவ பின்னாடியே நடந்து உள்ள வர்றா. ஒடஞ்ச தட்டு ஒட்டிக்குது. பேய்க் கதையா?"

"மறுபக்கத்துலேர்ந்து படிக்கணும்டா, மண்டு."

"அத முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்று திருப்பிப் பிடித்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

அந்த ஞாபகத்தில், மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே அவள் எழுதினாள்:

"நிறுத்துங்கள்! நீங்கள் முடிவில் நின்றுகொண்டு தொடக்கத்தைத் தேடுகிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல, கைப்பழக்கம். திருப்பிப் பிடியுங்கள். மறுபக்கத்திலிருந்து வாருங்கள். அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

கீழே கட்டங்கள் போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண் கொடுத்து, வலமிருந்து இடமாக ஒரு கறுப்பு அம்பு. அவ்வளவுதான். அறிவிப்புக்கு யார் பெயர் போடுவார்கள்? போடவில்லை.

மதிப்புரையை அவள் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். கதை எளிமையானது. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைக் காக்கிற ஒரு குமாஸ்தா. புதுசாகக் கல்யாணமாகி மனைவியோடு ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவருகிறான். ஊரார் தொலைத்த குடைகளை அக்கறையாகத் துடைத்து வைக்கிற அவன், வீட்டில் இருக்கிறவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனிக்காமல் விடுகிறான். அவள் போய்விடுகிறாள். கடைசியில் யாரும் கேட்டு வராத மஞ்சள் குடை ஒன்றோடு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். சண்டை கிடையாது, சாகசம் கிடையாது. வாடகை, வேலை, அலுப்பு. "வளர்ந்தவர்களுக்கான கதை என்பது வளர்ந்தவர்கள் எப்படிச் சத்தமில்லாமல் தோற்கிறார்கள் என்று சொல்கிற கதை," என்று எழுதினாள். திட்டவும் திட்டினாள். "ரயிலின் ஒவ்வொரு திருகாணியையும் கவனமாக வரைந்திருக்கிற கலைஞர், மனைவியின் முகத்துக்கு மூன்று கோடு போதும் என்று நினைத்துவிட்டார். புத்தகத்தில் பாதி தாண்டும்வரை அவளுக்குப் பெயரும் கிடையாது. குமாஸ்தா செய்த அதே தப்பைத்தான் வரைந்தவரும் செய்திருக்கிறார்." பெயரில்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் வெளியீட்டு விழா அறிவித்தார். சின்ன விழா அல்ல. பெரிய அரங்கம், டிவிக்காரர்கள், வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி. இதழில் முழுப்பக்க விளம்பரம். பொம்மைப் புத்தகம் ஒரே நாளில் இலக்கியமாகிவிட்டது. ஐயா அவளைக் கூப்பிட்டார்.

"உன் மதிப்புரையைப் பாத்தேன்மா."

"படிச்சீங்களா ஐயா?"

"பாத்தேன்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபம் இருக்கு. தகவல் இருக்கு. நடை வரல. ஜப்பான்காரன் நம்மள நம்பி அனுப்பியிருக்கான். ஒரு மரியாதை வேண்டாமா? நானே எழுதிடுறேன்."

அது என் மதிப்புரை என்று சொல்ல நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது பழக்கதோஷம்தான். "குறிப்பு தரட்டுமா ஐயா?"

"படம்தானே? பாக்கத் தெரியாதா எனக்கு?"

எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லலாம் என்றுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"இன்னும் என்னம்மா?"

அந்த "இன்னும்" இருக்கிறதே, அது ஒரு கதவு. முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. சரி, புத்தகத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டாள்.

அவர் படித்தார். அதில்தான் வினையே வந்தது.

இதழை வடிவமைக்கிற லேஅவுட் அக்காதான் முதலில் கூப்பிட்டாள். கட்டுரை அவள் திரையில் இருந்தது. "வாடி இங்க. எனக்குப் புரியல. உங்க ஐயாவுக்கு என்ன ஆச்சு?"

தலைப்பே 'நிறுத்துங்கள் என்று தொடங்கும் ஒரு பேரிலக்கியம்' என்று இருந்தது. கீழே ஐயா வெளுத்து வாங்கியிருந்தார்.

"உலகில் எந்தப் படைப்பும் வாசகனை வரவேற்றுத்தான் தொடங்கும். இந்த ஜப்பானிய மேதையோ முதல் சொல்லிலேயே நம்மைத் தடுக்கிறார். 'நிறுத்துங்கள்!' பத்தாண்டுகளில் நான் வாசித்த ஆகச் சிறந்த முதல் வரி இது. 'நீங்கள் முடிவில் நின்றுகொண்டு தொடக்கத்தைத் தேடுகிறீர்கள்': மனித வாழ்வை இதைவிடச் சுருக்கமாக எவர் சொல்லிவிட முடியும்? அதன் கீழே எண்களிட்ட கட்டங்கள், அவற்றை ஊடுருவும் காலத்தின் கருநிற அம்பு..."

"அது நீ போட்ட அம்புதானே?" என்றாள் அக்கா.

"படிங்கக்கா."

"தனிமையில் வாடும் குமாஸ்தாவிடம் மனைவி பின்னோக்கி நடந்தே திரும்பி வருகிறாள். முகம் காட்டாமல் முதுகு காட்டி வரும் மன்னிப்பு! உடைந்த தட்டுகள் கூடுகின்றன. நாயகன் வாயிலிருந்து தேநீரைக் கோப்பைக்கே திருப்பித் தருகிறான், துறவின் உச்சம். இங்கே பதில்கள் கேள்விகளை முந்துகின்றன. 'எனக்கும்தான்' என்கிறான் அவன். அதற்குப் பிறகே 'பசிக்கிறது' என்கிறாள் அவள். மேலதிகாரி திட்டுவதற்கு முன்னரே குமாஸ்தா குனிந்து மன்னிப்புக் கேட்டுவிடுகிறான். உழைக்கும் மனிதனின் இந்த முன்கூட்டிய மன்னிப்பை நம் எழுத்தாளர் எவராவது தொட்டதுண்டா? சிதைவில் தொடங்கி, புதுமணத் தம்பதி புதுவீட்டில் அடியெடுத்து வைப்பதோடு கதை சுபமாக நிறைகிறது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முன்கூட்டிய மன்னிப்பு மட்டும் சரிதான் என்று தோன்றியது. இந்த ஆபீஸில் அவள் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்?

நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், ஐயா புத்தகத்தைக் கடைசிலேர்ந்து படிச்சிருக்கார்."

"அப்படியா? எதுல முடிச்சார்?"

"முதல் பக்கத்துல."

"அப்ப முழுசா படிச்சிருக்கார்?"

"ஆமா சார், ஆனா..."

"முழுசா படிச்சிருக்கார்மா!" ஆசிரியர் எழுந்தே விட்டார். "நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து அவர் ஒரு புத்தகத்தை முழுசா படிச்சு நான் பாத்ததில்ல. அதைப் போய்த் தப்புங்கிறியே!"

"கதையே மாறிப்போச்சு சார். அவ திரும்பி வரல, வீட்டை விட்டுப் போறா."

"வந்தா என்ன, போனா என்ன? நமக்கு அவ சொந்தமா? விளம்பரம் முழுப்பக்கம்மா. போ, வேலையப் பாரு."

ஐயாவிடமே போனாள். நின்றபடியே சொன்னாள், பூசி மெழுகத் தெரியாதவள், உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தாள். புத்தகத்தை மறுபக்கம் திறந்து காட்டினாள். ஐயா பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் கண்ணில் ஏதோ வழுக்கியதுபோல் இருந்தது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"நீ சொல்றது திசைம்மா. நான் சொல்றது தரிசனம்."

"ஐயா, அந்த முதல் பக்கம் அறிவிப்பு. கதையே இல்ல."

"அறிவிப்பா?" ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "'அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' இதுவா அறிவிப்பு? இந்த ஒரு வரிக்கு எங்க தலைமுறையில எழுதினதை எல்லாம் சேத்து வச்சாலும் ஈடாகாதும்மா."

"அதை நான்தான் எழுதினேன்."

ஐயா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார். அன்பாகச் சிரித்தார். காய்ச்சல்காரக் குழந்தை உளறினால் சிரிப்போமே, அப்படி.

"ஆசை இருக்கலாம்மா. தப்பில்ல. ஆனா உனக்கு அந்த நடை வராது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, கைப்பிடிச் சுவரை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது. மதிப்புரைக்கு அடியில் பெயர் வராமல் போனது பழைய வயிற்றெரிச்சல். இப்போது அவள் எழுதியதை அவளிடமே காட்டி, இது உனக்கு வராது என்கிறார்கள். அந்த நாலு வரி தன்னுடையது என்று ஊரறியச் சொல்லாமல் இனி விடுவதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள்.

ஐயாவின் கட்டுரை அந்த வார இதழில் அப்படியே வந்தது. வழியை ஆசிரியரே திறந்துவிட்டார். சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, "விழாவுல நன்றியுரை நீ சொல்லு. மேடை, மைக் எல்லாம் உண்டு," என்றார்.

"நன்றியுரையா?" என்றான் அண்ணன் வீட்டில். "எல்லாரும் காபிக்கு எந்திரிக்கும்போது ஒருத்தர் தனியா பேசிட்டிருப்பாங்களே, அதுவா?"

"அதேதான்."

"என்ன பேசப் போற?"

"நன்றிதான் சொல்லப்போறேன். நீயும் அம்மாவும் வாங்க. பின்வரிசையில உக்காருங்க."

அம்மா புதுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அரங்க வாசலில் ஆள் உயரப் பதாகை. அதில் அவளுடைய வரிகள். "நிறுத்துங்கள்! நீங்கள் முடிவில் நின்றுகொண்டு..." அடியில், 'ஜப்பானிய மேதையின் வாக்கு.' பதிப்பாளரை அங்கேயே மடக்கினாள்.

"இது யார் எழுதினது?"

"நீங்கதாங்க. நான் இல்லைன்னேனா?" அவர் அவளை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "ஐயாவே மேதைன்னு எழுதிட்டார். நான் எப்படிங்க மறுக்கிறது? புத்தகம் பறக்குது."

"எல்லாரும் எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கிறாங்க?"

"வாங்குறாங்க. எனக்கு அது போதும்."

உள்ளே ஐயா பேசினார். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குரல் தழுதழுக்க அந்த அறிவிப்பை முழுவதும் வாசித்தார். அம்பு வரைக்கும் விளக்கினார். அவருக்குப் பிறகு ஒரு பேராசிரியர் 'பின்னோக்கு அழகியல்' என்று ஒரு புதுச் சரக்கை இறக்கினார். முன்வரிசைத் தூதரக அதிகாரிக்கு மொழி புரியவில்லை. எல்லோரும் கைதட்டும்போது அவரும் தட்டினார். இத்தனைக்கும் அந்த அரங்கத்தில் புத்தகத்தைச் சரியான பக்கம் பிடித்திருந்தது அவர் ஒருவர்தான். எல்லோரும் ஏன் முன்பின் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"இப்போது நன்றியுரை," என்றார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாதி அரங்கம் காபி வாசனையைப் பார்த்துத் திரும்பியது. அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நான் இந்த இதழில் ஐயாவுக்குக் குறிப்பு எழுதுகிறவள். முதல் நன்றி ஐயாவுக்கு. பத்து வருஷத்தில் தான் படித்த மிகச் சிறந்த வரி என்று அவர் எழுதியது நான் எழுதிய வரியை. வெளியே பதாகையில் இருப்பதும் அதுதான். பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினேன். புத்தகத்தைத் தப்பான பக்கம் திறந்துவிட்டீர்கள், திருப்பிப் பிடியுங்கள் என்று அதற்கு அர்த்தம். வேறு ஒரு அர்த்தமும் கிடையாது. கையில் புத்தகம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தில் சொன்னபடி செய்யுங்கள்."

காபிக்கு எழுந்தவர்கள் எழுந்த வாக்கில் நின்றார்கள். பின்வரிசையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "மறுபக்கம் திருப்புங்கப்பா! என்ன பாத்துட்டிருக்கீங்க?"

சிரிப்பு எழுந்தது. அப்புறம் காகிதம் புரளுகிற சத்தம். முன்வரிசையில் பச்சைப் புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி உரக்கவே சொல்லிவிட்டாள். "அட, இங்கதாங்க கல்யாணமாகி வீட்டுக்கு வர்றாங்க!" மடமடவென்று கடைசிக்குப் போனாள். முகம் வாடியது. "அப்ப கடைசில அவ திரும்பி வரலையா?"

"வரலம்மா," என்றாள் இவள் மைக்கில்.

"ஐயா எழுதினதுல சேந்துட்டாங்களே! எனக்கு அதுதான் பிடிச்சிருந்தது."

பக்கத்திலிருந்தவரும் தலையை ஆட்டினார். தனக்கும் அதுதான் பிடித்ததாம். உண்மையைச் சொன்னால் ஜனம் ஆடிப்போகும் என்று நினைத்து வந்தவளுக்கு, ஜனம் ஐயாவின் முடிவையே திருப்பிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

அதற்குள் ஐயா இன்னொரு மைக்கைப் பிடித்துவிட்டார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்லிட்டு வர்றேன். 'திருப்பிப் பிடியுங்கள்.' வாசகன் பழக்கத்தை உடைக்கணும். எந்தப் பக்கம் திறந்தாலும் திறக்கிறதுதான் இலக்கியம்!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கைதட்டலின் சூட்டில் அவர் கையை அவள் பக்கம் நீட்டினார். "அந்த வரியை எழுதின இந்தப் பெண் யாரு? என் மாணவி. என் பட்டறையில உருவானவ."

ஆக, வரி அவளுடையதாகிவிட்டது, அவள் அவருடையவளாகிவிட்டாள். இந்த இடத்தில் கையைக் கூப்பிச் சிரித்தால் போதும். ஆசிரியர் கீழேயிருந்து கண்ணாலேயே கெஞ்சினார்: சிரிம்மா, சிரி. அடுத்த வாரமே பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லைங்க ஐயா," என்றாள். "நான் உங்க மாணவி இல்ல. அந்த வரியை நான்தான் எழுதினேன்னு உங்க அறையில வந்து சொன்னேன். உனக்கு அந்த நடை வராதுன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் நன்றி. காபி ஆறிடும், போங்க."

கைதட்டல் நடுவழியில் அறுந்தது. பின்வரிசையில் ஒரே ஒருவன் மட்டும் விசிலடித்தான். யாரென்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஆசிரியர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே உன் குறிப்பு வேண்டாம்னு ஐயா சொல்லிட்டார்."

"நல்லது சார். நானும் எழுதுறதா இல்ல."

"குறுக்கெழுத்துப் பகுதி காலியா இருக்கு."

"குடுங்க. அதுல கட்டத்துக்குள்ள சரியான எழுத்து இருந்தாத்தான் வரும். நடை சேக்க முடியாது."

குறிப்பு இல்லாமலே ஐயாவின் மதிப்புரைகள் தொடர்ந்து வந்தன. பின்னட்டையைப் பார்த்தே எழுதினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுடைய பழைய மதிப்புரை ஆசிரியரின் மேசை இழுப்பறையில் எங்கேயோ அடியில் போய்விட்டது.

சில மாதம் கழித்து வீட்டுக்கு ஓர் உறை வந்தது. பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போட்டிருந்தார். விழாவில் டிவிக்காரர்கள் எடுத்த காட்சி ஊரெல்லாம் சுற்றியதில் அந்த நாலு வரிக்குக் கிராக்கி வந்துவிட்டது. இவ்வளவு பேர் பேசுகிற வரிக்கு ஆள் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று வியாபாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். இவள் குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எந்தப் புத்தகத்தையும் திறக்கிறமாதிரி அதைத் திறந்தாள்.

அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் வேனை எடுக்கப்போன அண்ணன் ஓடி வந்தான். தலையில் துண்டோடு இவளும் ஓடி வந்தாள்.

"முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்கடி! பாரு, உன் முழுப் பேரு!"

எட்டிப் பார்த்தாள். நிறுத்துங்கள் என்ற அறிவிப்பு. அம்பு. அதற்கு அடியில், ஐயாவின் பெயர் வழக்கமாக இருக்கிற இடத்தில், அவள் பெயர்.

"அம்மா, அது கடைசிப் பக்கம்மா," என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரலில். "புத்தகத்தைத் தப்பா திறக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது கண்ணுல படும்."

அண்ணன் புத்தகத்தை வாங்கி, பெயரைக் கிட்டத்தில் வைத்து ஒரு தடவை படித்துவிட்டு, அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப ஊரே பாக்கும், விடு."